ஐஇ2, ஐஇ3, ஐஇ4: மோட்டார் பலகையைக் காட்டி என்னிடம் கேட்கும் கேள்விகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபத்தாறு ஆண்டுகள் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். இப்போது சனிக்கிழமைகளில் சிறு பட்டறைகளுக்குப் போய் மோட்டார்களையும் மின் கட்டண ரசீதையும் பார்த்துச் சொல்கிறேன். கிண்டியில் கேட்ட கேள்வியையே திருமுடிவாக்கத்திலும் கேட்கிறார்கள். காக்களூரில் கேட்டதை மறுவாரம் ஒரகடத்திலிருந்து போனில் கேட்கிறார்கள். பதில் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களுடைய வாய்மொழியை ஒட்டியவை. மேலிருந்து கீழாகப் படிப்பது நல்லது; பின்னால் வருகிற பதில்கள் முன்னால் வந்த கணக்கில்தான் நிற்கின்றன.

ஐஇ என்றால் என்ன? 2, 3, 4 என்பது மாடல் நம்பரா?

மாடல் நம்பர் இல்லை. ஐஇ என்பது இன்டர்நேஷனல் எஃபிஷியன்சி என்பதன் சுருக்கம். வாங்கிய மின்சாரத்தில் எத்தனை பங்கை மோட்டார் ஷாஃப்ட்டில் (சுழலும் தண்டில்) வேலையாகக் கொடுக்கிறது என்பதற்கான வகுப்பு அது. உலக அளவில் இதை வகுத்துச் சொல்வது, ஐஇசி என்கிற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60034-30-1 என்ற 2014ஆம் ஆண்டுத் தரநூல். 0.12 கிலோவாட் முதல் 1000 கிலோவாட் வரையுள்ள மோட்டார்களுக்கு ஐஇ1 தொடங்கி ஐஇ4 வரை நான்கு வகுப்புகளை அது வைத்திருக்கிறது. எண் ஏற ஏற இழப்பு குறைவு. நம் ஊரில் இதற்கு இணையானது ஐஎஸ் 12615 என்ற இந்தியத் தரநூல். அதன் முதல் பதிப்பு 1989இல் வந்தது. 2018 பதிப்பில் ஐஇ2, ஐஇ3, ஐஇ4 ஆகியவை இருக்கின்றன.

ஐஇ3 என்றால் எல்லா மோட்டாருக்கும் ஒரே சதவீதம் என்று நினைத்துவிட வேண்டாம். நான்கு போல் (காந்தத் துருவம்), 50 ஹெர்ட்ஸ் மோட்டாரை எடுத்துக்கொண்டால், 1 எச்பி ஐஇ3க்கு 82.5 சதவீதம் போதும். 100 எச்பி ஐஇ3க்கு 95.0 சதவீதம் வேண்டும். பெரிய மோட்டாருக்கு இயல்பிலேயே இந்தச் சதவீதம், அதாவது திறன், அதிகம். ஆகவே எடை ஒன்றாக உள்ளவர்களை மோதவிடுவதுபோல, அதே எச்பி, அதே போல் எண்ணிக்கை உள்ள மோட்டாரோடுதான் ஒப்பிட வேண்டும்.

என் மோட்டாரில் 15 கிலோவாட் என்று இருக்கிறது. மணிக்கு 15 யூனிட் எடுக்கும், அவ்வளவுதானே?

பத்துப் பேரில் எட்டுப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பலகையில், அதாவது மோட்டாரின் மேல் பொருத்திய பெயர்த் தகட்டில், உள்ள கிலோவாட் மோட்டார் கொடுக்கிற வேலை. இழுக்கிற மின்சாரம் அல்ல. 15 கிலோவாட், அதாவது 20 எச்பி, நான்கு போல் மோட்டார் ஐஇ1 ஆக இருந்தால் அதன் திறன் 88.7 சதவீதம். முழுச் சுமையில் அது இழுப்பது 16.91 கிலோவாட். ஐஇ3 ஆக இருந்தால் 92.1 சதவீதம், இழுப்பது 16.29.

சுமை பாதியாக இருந்தால் இழுப்பும் ஏறக்குறைய பாதிதான். 20 எச்பி மோட்டார் என்பதற்காக அது எப்போதும் 20 எச்பி கொடுத்துக்கொண்டிருக்காது. எந்திரம் கேட்பதைத்தான் கொடுக்கும்.

88க்கும் 92க்கும் நடுவில் மூன்று நான்கு சதவீதம். இதற்கா இவ்வளவு பேச்சு?

ரூபாயில் பார்த்தால்தான் பேச்சின் காரணம் தெரியும். அதே 20 எச்பி மோட்டார் முக்கால் சுமையில் ஆண்டுக்கு 6,000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஷிப்ட் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிதாக இருக்க யூனிட் 8 ரூபாய். உங்கள் ரசீதில் உள்ளதை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். முக்கால் சுமை என்றால் ஷாஃப்ட்டில் 11.25 கிலோவாட். ஐஇ1 அதற்கு இழுப்பது 12.68, ஐஇ3 இழுப்பது 12.22. அரைக் கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். ஆண்டுக்குச் சுமார் 2,800 யூனிட், 22,400 ரூபாய்.

இதையே ஐஇ2லிருந்து ஐஇ3க்கு மாறுவதாகப் போட்டால் மிச்சம் ஆண்டுக்கு 9,700 ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கும். ஐஇ3லிருந்து ஐஇ4க்கு ஏறினால் 11,000 சொச்சம். நான் எல்லோரிடமும் போட்டுக் காட்டுகிற இன்னொரு கணக்கு உண்டு. அந்த ஐஇ3 மோட்டார் ஆண்டு முழுவதும் சாப்பிடுகிற மின்சாரத்தின் விலை ஐந்து லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். மோட்டாரின் விலையைச் சில மாத மின் கட்டணமே தாண்டிவிடும். இரண்டாயிரம் ரூபாய் தள்ளுபடிக்காகப் பாரிமுனையில் கடை கடையாக ஏறி இறங்குகிறவர், அதே மோட்டாருக்கு மாதம் ஐம்பதாயிரம் கட்டுவதை யோசிப்பதில்லை.

அந்த மீதி மின்சாரம் எங்கே போகிறது?

சூடாகப் போகிறது. மோட்டாரின் மேல் கை வைத்துப் பாருங்கள். ஸ்டேட்டர் (சுழலாத வெளிப்பகுதி) காயிலில் செம்புக் கம்பியின் தடை, ரோட்டர் (சுழலும் உள்பகுதி) பாரில் ஓடும் மின்னோட்டம், மெல்லிய இரும்புத் தகடுகளான லேமினேஷனில் காந்தப்புலம் திரும்பத் திரும்ப மாறுவது, பேரிங் உராய்வும் பின்பக்க ஃபேனும், இவை எதிலும் சேராத சில்லறை இழப்பு என ஐந்து ஓட்டைகள். ஐஇ3, ஐஇ4 என்று ஏறும்போது காயில் உட்காரும் ஸ்லாட்டில் செம்பு கூடுகிறது, லேமினேஷனுக்கு நல்ல சிலிக்கான் எஃகு வருகிறது, அந்தத் தகடுகளை அடுக்கிய கோர் நீளமாகிறது. சூடு குறைவதால் ஃபேன் சிறியதாகிறது. அதனால்தான் எடையும் விலையும் கூடுதல், சத்தம் குறைவு.

இது சட்டமா? அல்லது விருப்பம் இருந்தால் வாங்கலாம் என்கிற சங்கதியா?

ஐஎஸ் 12615 பல ஆண்டுகள் விருப்பத் தரமாகத்தான் இருந்தது. மத்திய அரசு 2017இல் மூன்று ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. அந்த ஆணைப்படி, தரநூலின் எல்லைக்குள் வரும் மோட்டார் குறைந்தது ஐஇ2 ஆக இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் செய்யவோ இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது. இத்தகைய ஆணைகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால் பெரிய கொள்முதலுக்கு முன் நடப்பில் உள்ளதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆணை கட்டுப்படுத்துவது புதிதாக விற்பனைக்கு வருவதை. உங்கள் ஷெட்டில் 1994இலிருந்து ஓடிக்கொண்டிருப்பதை யாரும் வந்து நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். அதன் தண்டனை மாதாமாதம் மின்வாரிய ரசீதில் வருகிறது.

பழைய மோட்டாரில் எஃபிஷியன்சி 1 என்று போட்டிருக்கிறது. அது ஐஇ1தானே?

தலைகீழ். பழைய முறை 1998இல் ஐரோப்பாவில் தொடங்கியது. அதில் 1 என்பதுதான் உயர்ந்தது, 3 தாழ்ந்தது. ஐஎஸ் 12615இன் 2004 பதிப்பும் அந்த வழக்கத்தையே எடுத்துக்கொண்டது. பழைய எஃபிஷியன்சி 1 ஏறத்தாழ இன்றைய ஐஇ2. எஃபிஷியன்சி 2 ஏறத்தாழ இன்றைய ஐஇ1. புதிய முறையில் மேலே எண்களுக்கு எல்லை வேண்டாம் என்று திருப்பிப் போட்டார்கள். பழைய சரக்கை விற்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வசதியாக இருக்கிறது.

கடைக்காரர் ஐஇ3 என்கிறார், பலகையிலும் இருக்கிறது. நம்பலாமா?

பலகை அச்சடிக்கப் பத்து ரூபாய் ஆகாது. ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேல் ஐஎஸ் 12615 என்ற எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கு, நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். கடையில் நின்றபடியே இரண்டு நிமிட வேலை.

அடுத்து, பலகையில் திறன் சதவீதம் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். 7.5 கிலோவாட் நான்கு போல் ஐஇ3க்கு 90.4 இருக்க வேண்டும். 11 கிலோவாட்டுக்கு 91.4. ஐஇ3 என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் 88.7 என்று இருந்தால் அது ஐஇ2இன் எண். ஒரு முறை அப்படியே பார்த்திருக்கிறேன். விற்றவர், அச்சுப் பிழை என்றார். பிழை எப்போதும் அவர் பக்கமாகவே சாய்வது ஏனோ.

வீட்டு சிங்கிள் ஃபேஸ் மோட்டார், போர் மோட்டார் எல்லாவற்றுக்கும் ஐஇ3 கேட்கலாமா?

ஐஎஸ் 12615 மூன்று ஃபேஸ் மோட்டார்களைப் பற்றியது. இரண்டு, நான்கு, ஆறு, எட்டு போல் உள்ளவை. தண்ணீருக்குள்ளேயே ஓடும் சப்மெர்சிபிள் அதில் சேராது. எந்திரத்தோடு ஒன்றாக வார்க்கப்பட்டு, தனியாகக் கழற்றிச் சோதிக்க முடியாதவையும் டிரைவ் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவி) உள்ளேயே பொருத்தியவையும் சேரா. பிரேக் பிரிக்க முடியாதபடி இணைந்த ஹாய்ஸ்ட் மோட்டார்களும் அப்படித்தான். மணலி, எண்ணூர்ப் பக்கம் பயன்படுத்தும் ஃபிளேம் புரூஃப் (வெடிக்கும் வாயு உள்ள இடங்களுக்கான) மோட்டாருக்கு விலக்கு உண்டா என்று கேட்பார்கள். அந்தக் காரணத்துக்காக மட்டும் விலக்கு இல்லை.

நன்றாக ஓடுகிற பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு ஐஇ3 போடலாமா?

மணிநேரத்தைச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். மேலே போட்ட கணக்கில் 6,000 மணி நேரம் இருக்கிறது. அதே மோட்டார் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடும் தண்ணீர்ப் பம்பில் இருந்தால் ஆண்டுக்கு 300 மணி நேரம். மிச்சம் 1,100 ரூபாய். அதற்காக நல்ல மோட்டாரைக் கழற்றுகிறவர் வேறு வேலை இல்லாதவர்.

கம்ப்ரஸர், புளோயர், கூலிங் டவர் பம்ப், எக்ஸ்ட்ரூடர் போன்றவை காலையில் தட்டினால் இரவில்தான் நிற்கும். முதலில் இவற்றைப் பாருங்கள். லேத், பவர் பிரஸ், கிரைண்டர் கடைசியில். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை நிறுத்தி மாற்றுவதைவிட, எரிகிற நாளுக்காக ஒரு ஐஇ3 மோட்டாரை வாங்கி மூலையில் வைத்திருப்பது நல்ல வழி. எரிவது எப்போதும் வெள்ளிக்கிழமை இரவுதான். அப்போது கையில் மோட்டார் இல்லாவிட்டால் கால், எரிந்த காயிலைப் புதிதாகச் சுற்றித்தரும் வைண்டர் கடைக்குத்தான் போகும்.

எரிந்த மோட்டாரை ரீவைண்டிங் செய்தால் திறன் குறையும் என்கிறார்களே, உண்மையா?

செய்கிற விதத்தில் இருக்கிறது. பழைய காயில் வார்னிஷில் கல்லாக இறுகி இருக்கும். சூடாக்காமல் உருவ முடியாது. ஒழுங்கான இடத்தில் ஸ்டேட்டரை வெப்பநிலை காட்டும் அடுப்பில் வைப்பார்கள். சுமார் 370 டிகிரி செல்சியஸுக்கு மேல் விட மாட்டார்கள். அவசரக் கடையில் தரையில் படுக்கவைத்து கேஸ் டார்ச்சை உள்ளே காட்டுகிறார்கள். கோர் செக்கச்செவேலென்று ஆனதும் உளியை வைத்துக் காயிலைத் தட்டி எடுக்கிறார்கள். லேமினேஷன் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய காப்புப் பூச்சு அந்தச் சூட்டில் போய்விடும். பிறகு தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, தேவையில்லாத மின்னோட்டம் அவற்றுக்குள்ளேயே சுற்றும். புதுக் காயில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கோர் சுடும்.

இரண்டாவது தவறு கம்பியில். 'அந்த கேஜ் கம்பி கையில் இல்லை சார், ஒரு கேஜ் மெல்லியதாகப் போட்டுவிட்டேன், ஒன்றும் ஆகாது' என்பார்கள். ஆகும். செம்பு குறைந்தால் தடை கூடும். சுற்று எண்ணிக்கை, கேஜ், காயில் பிட்ச் மூன்றும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். கொடுக்கும்போதே மோட்டாரின் பழைய நோலோடு கரண்ட்டை (சுமை இல்லாமல் சுற்றும்போது இழுப்பது) எழுதிக் கொடுத்து, திரும்பி வந்ததும் அளந்து பாருங்கள். கணிசமாக ஏறியிருந்தால் கோரிலோ சுற்றிலோ கை வைத்திருக்கிறார்கள்.

முறையாகச் செய்தால் திறன் அப்படியே நிற்கும். முறைகேடாகச் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒன்று, இரண்டு சதவீதம் போகும். மேலே சொன்ன ஐஇ1 மோட்டார் 88.7லிருந்து 86.7க்கு இறங்கியிருந்தால், ஐஇ3க்கு மாறும்போது கிடைக்கும் மிச்சம் 22,400 அல்ல, 36,500. என் சொந்தக் கணக்கு இது: நாள் முழுதும் ஓடும் 20 எச்பிக்கு உட்பட்ட பழைய ஐஇ1 மோட்டார் எரிந்தால் ரீவைண்டிங் வேண்டாம், புதிது வாங்குங்கள். 100 எச்பி என்றால் நல்ல வைண்டரைத் தேடுங்கள். நல்ல வைண்டர்கள் சென்னையில் இருக்கிறார்கள். அவர்கள் கூலி கூடுதலாகத்தான் கேட்பார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரை என்ன செய்வது?

இந்தக் கேள்வி மற்ற ஊர்ப் பட்டியலில் இருக்காது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தொழிற்பேட்டை ஷெட்டுகளுக்குள் தண்ணீர் நின்றது. வடிந்த மறுநாள் வைண்டர் கடை வாசலில் மோட்டார்கள் ரேஷன் கடை வரிசைபோல நின்றன. அவற்றில் பல, நனைந்ததைத் தவிர வேறு குற்றம் செய்யாதவை.

நனைந்த காயில் எரிந்த காயில் அல்ல. கரண்ட் கொடுக்காமல் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, மிதமான சூட்டில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, காப்புத் தடையை அளக்கும் மெக்கரை வைத்துப் பாருங்கள். காப்புத் தடை ஏறி நிலையாக நின்றால் வார்னிஷ் கொடுத்து, பேரிங்கைக் கண்டிப்பாக மாற்றி ஓட்டலாம். அந்த நெரிசலில் அவசரமாக டார்ச் காட்டி ரீவைண்டிங் செய்யப்பட்ட மோட்டார்களைப் பல பட்டறைகளில் இன்றும் பார்க்கிறேன். முன் பதிலில் சொன்ன கோர் சூட்டோடு ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஐஇ3 போட்டேன். பில் குறையவில்லை, ஏறிவிட்டது! ஏமாற்றிவிட்டார்களா?

கோபத்தோடு வரும் கேள்வி இது. கேட்டவர் பொய் சொல்லவில்லை. மோட்டாரும் பொய் சொல்லவில்லை. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் தூசி உறிஞ்சும் புளோயர். பழைய ஐஇ1 மோட்டாரை எடுத்துவிட்டு அதே 20 எச்பியில் ஐஇ3 போட்டிருந்தார்கள். முதலாளி ரசீதுகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டேக்கோமீட்டரை வைத்துப் பார்த்தேன்: 1465 ஆர்பிஎம். பழைய பராமரிப்புப் புத்தகத்தில் பழைய மோட்டாரின் வேகம் 1440 என்று எழுதியிருந்தது.

விஷயம் அங்கேதான். ரோட்டரில் இழப்பு குறைந்தால் ஸ்லிப், அதாவது சுற்றும் காந்தப்புலத்தைவிட ரோட்டர் பின்தங்கும் அளவு, குறையும். ஸ்லிப் குறைந்தால் வேகம் கூடும். லேத்துக்கும் கன்வேயருக்கும் இது பெரிதில்லை. ஃபேன், புளோயர், சென்ட்ரிஃபியூகல் பம்ப் இழுக்கும் சக்தியோ வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 1440லிருந்து 1465 என்பது 1.7 சதவீத வேகம். சக்தியில் அது 5.3 சதவீதம். 11.25 கிலோவாட் கேட்ட புளோயர் இப்போது 11.85 கேட்கிறது. ஐஇ3 அதற்கு இழுப்பது 12.86. பழைய மோட்டார் இழுத்தது 12.68. ஆண்டுக்கு ஆயிரம் யூனிட் கூடுதல்! காற்றும் கூடுதலாகத்தான் வருகிறது, ஆனால் அந்தக் காற்றை யாரும் கேட்கவில்லை.

தீர்வு எளிது. மோட்டார்ப் பக்கப் புல்லி 200 மில்லிமீட்டர் இருந்தது. அவர்கள் லேத்திலேயே வெளிவிட்டத்தையும் வி-பெல்ட் பள்ளத்தையும் சேர்த்துக் கடைந்து 196.6க்குக் கொண்டுவந்தோம். புளோயர் பழைய வேகத்துக்குத் திரும்பியது, இழுப்பு 12.22க்கு இறங்கியது. பெல்ட் இல்லாமல் நேரடியாக இணைத்த பம்ப் என்றால் இம்பெல்லரின் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) விட்டத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அல்லது டிரைவ் போடலாம். வால்வை அடைத்துச் சரிக்கட்டுவது கடைசி வழி.

புது ஐஇ3 மோட்டார் ஸ்டார்ட் செய்யும்போதே பிரேக்கர் விழுகிறது. மோட்டார் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. காயில் தடை குறைந்த மோட்டார் தொடங்கும் கணத்தில் பழையதைவிட அதிகமாக இழுக்கும். பழைய மோட்டாருக்கு அளவு வைத்து வாங்கிய பிரேக்கரின் உடனடி டிரிப் எல்லை அதைத் தாங்காது. ஓவர்லோடு ரிலேயைத் திருகி ஏற்றிவிடாதீர்கள். அது வேறு வேலைக்கு இருக்கிறது. ஐஇ3க்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள மோட்டார் பிரேக்கரைப் போடுங்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தால் மாறும் நேரத்தையும் பாருங்கள்.

எச்பி கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்தால் நல்லதுதானே?

பத்து எச்பி வேலைக்கு இருபது எச்பி வாங்குவது நம் ஊர் வழக்கம். மாப்பிள்ளை வளருவான் என்று சட்டையைத் தொளதொளவென்று தைப்பது மாதிரி. முக்கால் சுமைப் பக்கம் மோட்டாரின் திறன் நன்றாக இருக்கும். நாற்பது சதவீதத்துக்குக் கீழே போனால் சரியும். பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு, அதைவிட வேகமாகச் சரியும். ஐஇ3 முத்திரை சொல்லும் சதவீதம் முழுச் சுமைக்கு உரியது.

சுமையை அளக்க, கம்பியைக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். வெறுமனே சுற்றும் மோட்டாரும் முழு ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கை இழுக்கக் கூடும். வேகத்தைப் பாருங்கள். நான்கு போல் மோட்டாருக்கு 1500 உச்சம். பலகையில் 1440, அளந்தால் 1470 என்றால், முழுச் சுமையில் 60 இறங்க வேண்டியது 30தான் இறங்கியிருக்கிறது. சுமை ஏறக்குறைய பாதி. பலகை வேகமே முன்பின்னாக இருக்கும் என்பதால் இது மதிப்பீடுதான். பவர் அனலைசர் கிடைத்தால் அதை வையுங்கள்.

டிரைவ் போடப் போகிறேன். அப்படியானால் ஐஇ4 தேவையில்லையே?

இரண்டும் வேறு வேறு இழப்பைத் தடுக்கின்றன. புளோயரின் வேகத்தை 80 சதவீதமாக்கினால் மேலே சொன்ன மூன்றாம் அடுக்கு உங்கள் பக்கம் திரும்பும்; சக்தி 51 சதவீதம் போதும். எந்த ஐஇ வகுப்பாலும் இவ்வளவு தர முடியாது. சுமை ஏறி இறங்கும் இடத்தில் முதல் பணத்தை டிரைவில் போடுங்கள்.

நாள் முழுதும் ஒரே வேகத்தில் முழுச் சுமையில் ஓடும் எந்திரத்தில் டிரைவ் போட்டால் அதன் சொந்த இழப்புதான் மிச்சம். ஐஇ வகுப்பு, டிரைவ் இல்லாமல் லைனில் வரும் மின்சாரத்திலேயே சோதித்துக் கொடுப்பது. டிரைவின் அலைவடிவத்தில் அதே மோட்டார் சற்றுக் கூடுதலாகச் சுடும். பழைய ரீவைண்டிங் மோட்டாரில் டிரைவைக் கட்டிவிட்டுக் காயில் போய்விட்டது என்று வருகிறவர்களும் உண்டு.

பலகையில் 92.1. லேபில் சோதித்தால் 91.2 வந்தது. திருப்பிக் கொடுக்கலாமா?

முடியாது. ஐஇசி 60034-1 இதற்கு விட்டுக்கொடுப்பு வைத்திருக்கிறது: 150 கிலோவாட் வரை இழப்பில் 15 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம். 92.1 என்றால் இழப்பு 7.9, அதில் 15 சதவீதம் ஏறக்குறைய 1.2. ஆகவே 90.9 வரை இறங்கினாலும் தரநூல் ஏற்கும். 91.2 உள்ளே இருக்கிறது. ஐஇ2இன் 90.6க்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். பெரிய எண்ணிக்கையில் வாங்குபவர்கள் விட்டுக்கொடுப்பு இல்லாத திறனை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்கலாம். கேட்டால் கொடுக்கிற தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

எந்திரம் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம். இங்கே வாங்கும் ஐஇ2 போதாதா?

போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1781 விதிப்படி, 2021 ஜூலை முதல் 0.75 முதல் 1000 கிலோவாட் வரை ஐஇ3 கட்டாயம். 2023 ஜூலை முதல் 75 முதல் 200 கிலோவாட் வரையுள்ள இரண்டு, நான்கு, ஆறு போல் மோட்டார்கள் பெரும்பாலானவற்றுக்கு ஐஇ4. எந்திரத்துக்குள் இருந்தாலும் விலக்கு இல்லை. வரைபடம் போடும்போதே இதைப் பார்த்துவிடுங்கள். ஃபிரேம் எண் ஒன்றாக இருந்தால் ஷாஃப்ட் உயரம் மாறாது. 160 ஃபிரேம் என்றால் அடியிலிருந்து ஷாஃப்ட் மையம் வரை 160 மில்லிமீட்டர்தான். பின்பக்கம் நீளம் மட்டும் கூடும். அந்த இரண்டு அங்குலத்துக்காகக் கவரை வெட்டி ஒட்டிய பட்டறை ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.

ஐஇ3 போட்டால் பவர் ஃபேக்டர் தானாக ஏறிவிடும் இல்லையா?

ஐஇ வகுப்பு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. சில ஐஇ3 மோட்டார்களில் பழையதைவிடச் சற்றுக் குறைவாகக்கூட இருக்கும். அதைச் சரிக்கட்டப் போட்டிருக்கும் கெப்பாசிட்டரைக் கழற்றிவிடாதீர்கள்.

கழற்றிய பழைய மோட்டாரை விற்றுவிடலாமா? நல்ல விலை கேட்கிறார்கள்.

பழைய இரும்புக்கும் செம்புக்கும் எடை போட்டுக் கொடுங்கள், ஓடும் மோட்டாராகக் கொடுக்காதீர்கள் என்பேன். யாரும் கேட்பதில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் மூன்று தடவை ரீவைண்டிங் ஆன 15 எச்பி மோட்டாரை மாற்றச் சொல்லிக் குறிப்பெழுதிக் கொடுத்தேன், மாற்றினார்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த தெருவில் புது ஷெட் போட்டவர் என்னைக் கூப்பிட்டார். கம்ப்ரஸரில் பச்சைப் பெயிண்ட் மினுமினுக்க ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பலகையைத் துடைத்துப் பார்த்தேன். என் நோட்டில் இருந்த அதே சீரியல் எண்.

"நல்ல சரக்கு சார், சல்லிசாகக் கிடைத்தது," என்றார் அவர். "பில் மட்டும்தான் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. என்னவென்று பாருங்களேன்."